கோழிக்கும் தேய்மானம் உண்டு

கோபால் என்பவரை எனக்கு 28 வருஷமாகத் தெரியும். ஒவ்வொரு ஜூன் மாதமும் 50,000 ரூபாய் ரொக்கத்துடன் வணிகம் தொடங்குவார். ராமுவிடம் கடனுக்குச் சரக்கு வாங்குவார், சோமுவுக்கு விற்பார், அறைகலன் வாங்குவார், காசோலை போடுவார். மார்ச் மாதம் பேரேட்டைப் பூட்டும்போது எப்படியோ லாபம் வந்திருக்கும். என்ன சரக்கு வாங்கினார், என்ன விற்றார் என்று பாடப்புத்தகம் சொன்னதில்லை. பிள்ளைகள் கேட்டதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்தி ஓய்வு பெற்ற நாள்வரை எனக்கும் அது தோன்றியதில்லை. கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டது பராகுவாய் நாட்டில், கையில் பால் வாளியோடு நின்ற ஒரு பையன்.

மகளுக்கு வேலை பிரேசிலில், சாவ் பாவ்லோவில். அங்கே போயிருந்தபோது ஒரு நாள் ராத்திரி சொன்னாள்: "அம்மா, பக்கத்து நாட்டுல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. பிள்ளைங்களே மாடு மேய்ச்சு, சீஸ் போட்டு, வித்து, அந்தக் காசுலதான் வாத்தியாருக்குச் சம்பளமாம். நீ பார்க்கணும்."

"சம்பளம் மாசாமாசம் ஒழுங்கா வருதாமா?" என்றேன். ஆசிரியருக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

சாவ் பாவ்லோவிலிருந்து தலைநகர் அசுன்சியோனுக்கு இரண்டு மணி நேர விமானம். நான் போனது ஆகஸ்ட் மாதம். அங்கே அது குளிர்காலத்தின் கடைசி. இலை முழுக்க உதிர்த்துவிட்டு ரோஜா நிறப் பூவை மட்டும் வைத்துக்கொண்டு தெருவெங்கும் லபாச்சோ மரங்கள் நின்றன. அதுதான் அவர்கள் தேசிய மரம். விமான நிலையத்தில் பணம் மாற்றியதும் நான் லட்சாதிபதி. அவர்கள் காசுக்கும் குவாரனி என்றுதான் பெயர், அங்குள்ள பூர்வகுடி மொழிக்கும் அதே பெயர். ஒரு லட்சம் குவாரனி என்பது நம்மூர் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். முதல் நாள் ஒரு காப்பிக்கு இருபதாயிரம் என்று சொன்னபோது நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

பள்ளி இருப்பது செரிட்டோ என்ற இடத்தில். தலைநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். பஸ் கிளம்புவதற்குள் தலையில் கூடையோடு ஒரு அம்மாள் ஏறினார். சிப்பா என்ற ரொட்டி விற்கிறவர். மரவள்ளி மாவும் சீஸும் சேர்த்துச் சுட்டது, வளையமாக இருந்தது, சூடு ஆறவில்லை. மதுரை பஸ் நிலையத்தில் முறுக்குக்காரர் ஏறி இறங்குவது மாதிரியே ஏறி, ஓடும் வண்டியில் விற்று, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். வண்டி ரெமான்சோ பாலத்தில் ஏறியது. பராகுவாய் ஆறு கீழே பழுப்பாக விரிந்து கிடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாக்கோ. நாட்டின் நிலத்தில் பாதிக்கு மேல் அந்தச் சமவெளிதான். ஆனால் நூற்றுக்கு மூன்று பேர்கூட அங்கே வசிப்பதில்லை.

பாலம் இறங்கியதும் நான் ஜன்னலைத் தட்டிக் கத்திவிட்டேன். "பனைடீ!"

கண்ணுக்கெட்டிய தூரம் பனை. விசிறி ஓலை, நெட்டை மரம், கீழே புல், நடுவில் மாடுகள். சாயல்குடிப் பக்கம் போகிற மாதிரியே இருந்தது. இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் நம் பனை இல்லை. மரம் ஒல்லி, மட்டை சின்னது, நுங்கு கிடையாது. கரண்டாய் என்கிறார்கள். தண்டை வேலிக்கம்பமாக நடுகிறார்கள், ஓலையில் கூடையும் தொப்பியும் பின்னுகிறார்கள். செரிட்டோவில் கோம் என்ற பூர்வகுடி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. அந்தப் பெண்கள் ஓலையை நனைத்துக் கிழித்துப் பின்னுவதைப் பார்த்தபோது, எங்கள் ஊர்ப் பாட்டிகளைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தால் பாஷை தெரியாமலே அரை மணியில் சிநேகமாகிவிடுவார்கள் என்று தோன்றியது.

வழியில் வில்லா ஹேய்ஸ் என்று ஒரு ஊர். ஹேய்ஸ் அமெரிக்க ஜனாதிபதி. அர்ஜென்டினாவுக்கும் பராகுவாய்க்கும் இந்த நிலத்தின் மேல் தகராறு வந்தபோது 1878-ல் மத்தியஸ்தம் செய்து பராகுவாய்க்குத் தீர்ப்புச் சொன்னவர். இந்த மாகாணத்துக்கே அவர் பெயர்தான்.

இனி பள்ளியின் கதை. சான் பிரான்சிஸ்கோ விவசாயப் பள்ளி. லசால் சபைத் துறவிகள் ஏழை விவசாயிகளின் பிள்ளைகளுக்காக நடத்திவந்தது. பணம் வற்றிப்போய் அவர்களால் தொடர முடியாத நிலை வந்தபோது, 2002 வாக்கில், ஃபுண்டாசியோன் பராகுவாயா என்ற தொண்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனத்தை 1985-ல் தொடங்கியவர் மார்ட்டின் பர்ட். பிறகு அசுன்சியோன் மேயராகவும் இருந்தவர். அந்த நிறுவனத்துக்கு அதுவரை சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கிற வேலை. கடன்காரர்களிடம் வருஷக்கணக்கில் பழகியவர்கள் பள்ளியை வேறு மாதிரி பார்த்தார்கள். விவசாயம் லாபமான தொழில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம், நாமே விவசாயம் பண்ணி நம் பள்ளியை நடத்த முடியாவிட்டால் அந்தப் பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவது? ஐந்து வருஷம் கெடு வைத்துக்கொண்டார்கள். 2007-ல் பள்ளியின் நடைமுறைச் செலவு முழுவதையும் பள்ளியின் வரவே ஈடுகட்டியது.

பால், சீஸ், தயிர், முட்டை, பன்றி, காய்கறி, சாலையோரக் கடை, போதாததற்கு ஒரு தங்கும் விடுதி. எல்லாம் தனித்தனித் தொழில்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. பிள்ளைகளுக்கு மேல்நிலை வகுப்புப் படிப்பு மூன்று வருஷம், அங்கேயே தங்கல். ஒரு வாரம் வகுப்பறை, மறு வாரம் தொழுவமும் தோட்டமும் விடுதியும். பாதிப்பேர் உள்ளே இருக்கும்போது பாதிப்பேர் வெளியே. முடிக்கும்போது மேல்நிலைச் சான்றிதழோடு விவசாயத்திலும் விடுதித் தொழிலிலும் தொழில்நுட்பப் பட்டயம். இதையெல்லாம் மகள் பஸ்ஸிலேயே படித்துச் சொல்லிவிட்டாள். நான் பாதி நம்பினேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருப்பது ஒன்று, பின்வாசல் வழியாகப் போய்ப் பார்ப்பது ஒன்று. இது எந்த ஊர் ஆசிரியருக்கும் தெரியும்.

விடுதி வரவேற்பறையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பாஸ்போர்ட்டை வாங்கி, பதிவேட்டில் எழுதி, சாவி தந்தாள். அறை எளிமை, சுத்தம். மதியம் 'சோபா பராகுவாயா' என்று எழுதியிருந்ததை மகள் சூப் என்று பெயர்த்துச் சொன்னாள். வந்தது மக்காச்சோள மாவிலும் சீஸிலும் வெந்த கெட்டியான கேக் துண்டு. ஸ்பூனோடு காத்திருந்த என்னைப் பார்த்துப் பரிமாறிய பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு இன்னும் பயிற்சி வேண்டும்.

மறுநாள் காலை கோழிக்கொட்டகை. நான் இந்தப் பயணத்தில் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். நாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை.

வாசலில் ஒரு பலகை. சாக்பீஸால் கட்டம் போட்டு தேதி, கோழி எத்தனை, முட்டை எத்தனை, உடைந்தது, தீனி, செத்தது. தொப்பி போட்ட ஒரு பையனும் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணும் அதன் முன்னால் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர் சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் எனக்குக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பையன் கட்சி இது. ஒரு கோழி முட்டையிட்டாலும் இடாவிட்டாலும் நாளைக்கு 115 கிராம் தீனி தின்கிறது. நூறு கோழிக்குத் தொண்ணூறு முட்டை வந்தால் ஒரு முட்டைக்கு 128 கிராம் தீனி ஆகிறது. இந்தக் கொட்டகையில் கோழிகளுக்கு வயதாகிவிட்டது, நூற்றுக்கு அறுபதுதான் வருகிறது. இப்போது ஒரு முட்டைக்கு 192 கிராம். முட்டை விலை கூடவில்லை. ஆகவே இவற்றைக் கறிக்கு விற்றுவிட வேண்டும்.

அந்தப் பெண் விடவில்லை. அடுத்த மாதம் விடுதிக்கு ஒரு பெரிய குழு வருகிறது, தினம் முட்டை வேண்டும். புதுக் கோழி வந்து, இடம் பழகி, இடத் தொடங்குவதற்குள் நாம் வெளியே முட்டை வாங்கி விடுதிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நஷ்டத்தை நீ சேர்க்கவில்லை. பையன் ஒரு நோட்டைத் திறந்து காட்டினான். அதில் ஒரு வரி. புதுக் கோழி வாங்கிய விலையிலிருந்து கடைசியில் கறிக்கு விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்து, அது ஆயுசில் இடும் முட்டையின் எண்ணிக்கையால் வகுத்திருந்தான்.

"அது என்னடீ?" என்றேன்.

மகள் அந்த ஸ்பானிஷ் சொல்லுக்குத் தமிழ் தேடித் தடுமாறினாள். எனக்கு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடக்க விலை, இறுதி மதிப்பு, பயன்தரும் ஆயுள். கரும்பலகையில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். தேய்மானம்! 28 வருஷத்தில் இயந்திரத்துக்குத் தேய்மானம் போட்டிருக்கிறேன், அறைகலனுக்குப் போட்டிருக்கிறேன், லாரிக்குப் போட்டிருக்கிறேன். கொக்கரித்துக்கொண்டு என் செருப்பைக் கொத்திய ஒன்றுக்குப் போட்டதில்லை.

இரண்டு வாரம் தள்ளிப்போடலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். ஆசிரியர் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "அந்த இரண்டு வாரத் தீனிக்காசு எந்தக் கணக்கிலிருந்து?" அவ்வளவுதான் கேட்டார். இருவரும் நோட்டில் குனிந்தார்கள். அங்கே ஆசிரியர் பாடத்துக்கு மட்டும் பொறுப்பில்லை, அந்தப் பிரிவின் வரவு செலவுக்கும் அவரே பொறுப்பு. முட்டை விற்காவிட்டால் அவரையும் கேட்பார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் என் மாணவர்கள் எல்லோரும் தோற்றாலும் முதல் தேதி என் சம்பளம் வங்கியில் ஏறியிருக்கும். அது சரியா தப்பா என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்த ஆசிரியர் பலகையைப் பார்த்த பார்வையோடு நான் எந்த விடைத்தாளையும் பார்த்ததில்லை.

கோழிகள் என்ன ஆயின என்று தெரியாமலே கிளம்பும்படி ஆயிற்று.

பால் பிரிவில் காலை ஐந்து மணிக்கே கறவை தொடங்கிவிடும். சீஸ் அறையில் வெள்ளைத் தொப்பி, ரப்பர் பூட்ஸ். வெதுவெதுப்பான பாலைத் திரித்து, திரிந்ததைக் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி, தெளிநீரை இறுத்து, உப்பிட்டு, அச்சில் அடைத்து அழுத்துகிறார்கள். பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ தேறும் என்றாள் அங்கிருந்த பெண். இறுத்த நீர் பன்றிகளுக்குப் போகிறது. "சும்மாதான் கொடுக்கிறோம். அதுக்கும் விலை போடணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்." பன்றிப் பிரிவில் இருக்கும் பையன் அவள் ஊர்க்காரனாம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்றாள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

பத்து மணிக்கு எல்லோரும் மர நிழலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். டெரெரே நேரம். மாட்டுக்கொம்புக் குவளையில் மாத்தே இலைத்தூளை அடைத்து, மூலிகை இடித்துப் போட்ட ஐஸ் தண்ணீரை ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவது. ஒரே குவளை, ஒரே குழல், ஆள் மாற்றி ஆள். 2020-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. எச்சில் பார்த்து வளர்ந்த எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். இருந்தாலும் வாங்கிக் குடித்தேன். கசப்பு, குளிர்ச்சி, பின்னால் புதினா வாசனை. நன்றாகவே இருந்தது. பண்பாக 'கிராசியாஸ்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த சுற்றில் குவளை என்னைத் தாண்டிப் போனது. அதற்கடுத்த சுற்றிலும். 'நன்றி' என்று சொன்னால் அங்கே 'எனக்குப் போதும்' என்று அர்த்தமாம். மகள் சொல்லி, எல்லோரும் சிரித்து, மறுபடி என்னை வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மகள் என்னைக் கணக்கு டீச்சர் என்று அறிமுகப்படுத்தினாள். பால் வாளி வைத்திருந்த பையன் கேட்டான்: "உங்கள் பள்ளியில் என்ன விற்றீர்கள்?"

எதுவும் விற்கவில்லை, கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன்.

"யாருடைய கணக்கு?"

கோபாலைப் பற்றிச் சொன்னேன். 50,000 ரூபாய், ராமு, சோமு. மகள் மொழிபெயர்க்க, அவர்கள் அக்கறையோடு கேட்டார்கள். முடிந்ததும் அதே பையன் கேட்டான்: "அவர் விற்றது என்ன?"

தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. துணி என்று சொல்லிவைத்தேன்.

துணி என்று வாயில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் தாத்தா தறிகாரர். 1953-ல் ராஜாஜி அரசு கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது என் அப்பா நாலாம் வகுப்பு. தறிக்குழியில் இறங்கியிருப்பார். குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தமிழகம் எதிர்த்தது, 1954-ல் காமராஜர் வந்ததும் அது போயிற்று, அப்பா படித்தார், தபால் ஊழியரானார். பள்ளிப் பிள்ளை கையில் தொழில் என்று யார் சொன்னாலும் எங்கள் வீட்டில் முதலில் சந்தேகம்தான் வரும். 1937-ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்து, பிள்ளைகள் நூற்கிற நூலிலேயே பள்ளிச் செலவு தேற வேண்டும் என்றபோதும் இது குழந்தை உழைப்பில் போய் முடியாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். செரிட்டோவில் நின்றுகொண்டு நானும் அதையே கேட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து மாடு கறப்பது கஷ்டமாக இல்லையா என்று சீஸ் அறைப் பெண்ணிடம் கேட்டபோது, "வீட்டில் நாலு மணிக்கு எழுப்புவார்கள்" என்றாள்.

வித்தியாசம் எங்கே என்று ராத்திரி விடுதி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். தாத்தாவுக்குத் தறி ஓட்டத் தெரியும், பாவு போடத் தெரியும், சாயம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். தன் சேலை மதுரையில் என்ன விலைக்குப் போகிறது என்பது. அது முதலாளிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். 1953 திட்டம் அப்பாவுக்குத் தறியைக் கொடுத்திருக்கும், அந்த விலையைக் கொடுத்திருக்காது. செரிட்டோவில் விவசாயி பிள்ளைக்கு மாடு புதிதில்லை, வாளி புதிதில்லை. விலையைத்தான் புதிதாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்ற பிறகு அவன் மாட்டோடுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிலர் கல்லூரிக்குப் போகிறார்கள், சிலர் பண்ணையிலோ விடுதியிலோ வேலைக்குப் போகிறார்கள், சிலர் சொந்தமாகத் தொடங்குகிறார்கள். தொழில்முனைவோர் என்ற பெரிய வார்த்தை எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. எல்லோரும் முதலாளியாக முடியாது, ஆகவும் வேண்டாம். தன் உழைப்புக்கு அடக்க விலை போடத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம், எனக்கு அது போதும்.

இதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நம்மூரில் நட்டுவிடலாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு நிலம் இருக்கிறது, தலைநகர் பக்கத்தில் இருக்கிறது, பெருஞ்சாலை வாசலில் ஓடுகிறது, கடன் கொடுத்துப் பழகிய நிறுவனம் பின்னால் நிற்கிறது. விளையாட்டு மைதானமே இல்லாத பள்ளியில் மாட்டை எங்கே கட்டுவது? அரசு சம்பளத்தை நிறுத்திவிட்டு 'விற்றுப் பிழைத்துக்கொள்' என்று சொல்ல யாராவது இதைச் சாக்காக எடுத்தால் நானே முதலில் கொடி பிடிப்பேன். ஆனால் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பிள்ளைகள் நாற்பது பேர் ஒரு பருவம் முழுக்க ஒரு சுண்டல் கடை நடத்திக் கணக்கெழுத நிலம் தேவையில்லை, ஒரு அண்டா போதும். பண்ணியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும் நாள் சாலையோரக் கடையில் சீஸ் வாங்கினேன். ஒரு கிலோ. பழக்கதோஷத்தில் விலையைக் குறைக்கச் சொன்னேன். கல்லாவில் இருந்த சின்னப் பெண் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து, பால் பத்து லிட்டர், உப்பு, விறகு, வேலை நேரம், கடைச்செலவு என்று வரிசையாக எழுதி, கூட்டி, அடியில் கோடு போட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். மகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். வேண்டாம் என்றேன். கூட்டல் சரியாக இருந்தது. முழு விலையும் கொடுத்தேன்.

போகிறவர்கள் அசுன்சியோனிலிருந்து சாக்கோ போகும் பஸ்ஸில் ஏறி செரிட்டோ என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். விடுதியில் நீங்கள் தங்கக் கொடுக்கும் காசு பள்ளிக்குப் போகிறது. குவளையை வாங்கியதும் நன்றி சொல்லாதீர்கள், கடையில் பேரம் பேசாதீர்கள்.